கார் ஆம்ப்பில் சிவப்பு லைட் எரிந்தால் முதலில் காரைப் பாருங்கள்

"போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க." கார் ஆம்ப்ளிஃபையர் (பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப்) ரிப்பேர் என்று கடை ஏறியவர்கள் பலரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன். வேலூரில் ஒரு கடை, காட்பாடியில் ஒரு கடை என்று அலைந்து, கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாயையும் ஒரு கோடைகாலத்தையும் தொலைத்த பிறகுதான், ஆம்ப் சாகக் காரணமான கோளாறு ஆம்ப்புக்குள் இல்லவே இல்லை, காரின் வயரிங்கில் இருந்தது என்று தெரிந்தது. இடையில் ஒருவர்கூட வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்து ஓர் இடத்தையும் அளந்து பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் ஒரு பழைய ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பிரியர் போல. நாலு சேனல் ஆம்ப் ஒன்றை முன் சீட்டுக்கு அடியில் வைத்து, முன்பக்க இரண்டு சேனலைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும், பின்பக்க இரண்டு சேனலைப் பிரிட்ஜ் செய்து (இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) டிக்கியில் அடி சத்தத்துக்கான ஒரு 10 இன்ச் சப்வூஃபருக்கும் கொடுத்திருந்தார். தினமும் காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போய் வருகிறவனுக்கு அந்தப் பாட்டுத்தான் வழித்துணை. காரை வாங்கியதற்கே பாதிக் காரணம் அந்த செட்தான் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

முதலில் ஆரம்பித்தது சின்னதாகத்தான். வால்யூமை ஏற்றி, பாட்டில் அடி பலமாக விழும் இடத்தில் சட்டென்று சத்தம் நின்றுவிடும். ஓரிரு நொடியில் தானாகவே வந்துவிடும். கொஞ்ச நாளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: திருவலம் இரும்புப் பாலம் மாதிரி வண்டி அதிரும் இடங்களில் பாட்டு நின்று, ஆம்ப்பில் பச்சை லைட்டுக்குப் பதில் சிவப்பு லைட் எரியும். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ செட்டை ஆஃப் செய்து ஆன் செய்தால் சில நேரம் வரும், சில நேரம் வராது. ஒருநாள் அம்மாவைக் காட்பாடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். அவர் இறங்கிக் கதவைச் சாத்தியதும், அதுவரை செத்துக் கிடந்த பாட்டு தானாக வந்தது. அந்த நேரத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன், ஆனால் துப்பு முழுக்க அந்தக் கதவிலேயே இருந்தது. அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: எப்போது நிற்கிறது, எந்த லைட் எரிகிறது, கதவா, மேடுபள்ளமா, வால்யூமா என்று போனில் குறித்து வையுங்கள். பலமான அடியில் மட்டும் நின்று தானே திரும்பினால் மின்சாரம் போதாமல் திணறுகிறது என்று சந்தேகப்படலாம். சிவப்பு லைட் எரிந்தால் ஆம்ப் எதையோ கண்டு பயந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயர் ஷார்ட், அதிகச் சூடு, உள்ளே ஏதோ பழுது, மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். என் காரில் மின்சாரத் திணறலும் வயர் ஷார்ட்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால்தான் கடைக்காரர்களும் குழம்பினார்கள் என்று வேண்டுமானால் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து ஃபியூஸ் போக ஆரம்பித்தது. ஆம்ப்பின் உடம்பிலேயே 25 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இரண்டு செருகியிருக்கும். ஒன்றை மாற்றினால் சில நாளில் இன்னொன்று போகும். முதல் கடையில் காட்டினேன். அவர் சீட்டை நகர்த்திக் குனிந்து பார்த்துவிட்டு, "25 நிக்க மாட்டேங்குது சார், 40 போட்டிருக்கேன், இனிமே போகாது" என்றார். சொன்னபடியே ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதில் ஆம்ப் போனது. வேலை முடிந்து திரும்பும்போது சீட்டுக்கு அடியிலிருந்து புகை, கூடவே பேக்கலைட் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். கார் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, கை நடுங்க பேட்டரி முனையைக் கழற்றிய பிறகுதான் மூச்சே வந்தது. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுகிற ஆள் உங்கள் வண்டியைத் தொடக்கூடாது. எதனால் போகிறது என்று தேடாமல் அளவை ஏற்றினால், அடுத்தபடியாக உருகப்போவது வயரோ ஆம்ப்போதான். அதேபோல பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஆம்ப்புக்காக வைப்பதல்ல. அந்த வயர் வழியில் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டால் கார் எரியாமல் இருப்பதற்காக வைப்பது.

இரண்டாவது கடையில் ஆம்ப்பைக் கழற்றிக் கொடுத்தேன். "மாஸ்ஃபெட் போயிருக்கு, மாத்தினா சரியாயிடும்" என்று 2,200 ரூபாய் வாங்கினார்கள். மாஸ்ஃபெட் என்பது ஆம்ப்புக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மூன்று கால் பார்ட். மாற்றிய பிறகு நன்றாகவே பாடியது. சரி, விட்டது சனி என்று இருந்தேன். கத்திரி வெயில் வந்தது. வேலூர்ப் பக்கத்து மே மாதம் எப்படி என்று தெரியாதவர்களுக்கு: நாள் முழுக்க வெட்டவெளியில் நின்ற காரின் ஸ்டியரிங்கைத் தொட துண்டு வேண்டும். அந்த வெயிலில் ஒரு மாலை, கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஆம்ப் மறுபடியும் செத்தது. இந்த முறை புகை இல்லை, லைட்டும் இல்லை, ஃபியூஸ் மட்டும் கருகியிருந்தது. அதே கடைக்குப் போனால், "நீங்க ஹெவியா வச்சுக் கேட்டிருப்பீங்க சார், அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல. போர்டு வீக்காயிடுச்சு, புதுசு 9,500க்கு இருக்கு, பாக்கறீங்களா" என்றார்கள். "அண்ணே, எதை அளந்து பாத்துட்டு போர்டு வீக்னு சொல்றீங்க" என்று கேட்டேன். "அளக்கணுமா, இத்தனை வருஷ அனுபவம், பாத்தாலே தெரியும்" என்றார். ஆம்ப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வாங்கியதுதான் மல்டிமீட்டர். அறுநூறு ரூபாய்க்குள்தான் வந்தது. ஆம்ப் வைத்திருக்கிற எல்லோரிடமும் இது ஒன்று இருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்தது கொஞ்சம் நினைவில் இருந்தது, மீதியைத் தேடிப் படித்தேன். இனி நான் சொல்வது நான் செய்த வரிசை. இந்த வரிசையில் போனால் ஆம்ப்பைக் கழற்றாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆம்ப்பில் மின்சாரத்துக்கு மூன்று ஸ்க்ரூ இருக்கும்: பிளஸ், எர்த், ரிமோட். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. அடுத்து ரிமோட். இது செட்டிலிருந்து வரும் மெல்லிய வயர், ஆம்ப்பை எழுப்புகிற வேலை இதற்கு. செட் ஆன் ஆனால் இங்கே 12 வோல்ட் பக்கம் வர வேண்டும், ஆஃப் ஆனால் போக வேண்டும். இதில் வோல்ட் வரவில்லை என்றால் ஆம்ப் உயிரோடு இருந்தாலும் விழிக்காது. ஒரு வயர் கழன்றதற்காக ஆம்ப்பையே மாற்றிவிடாதீர்கள். மூன்றும் சரியாக இருந்து சிவப்பு லைட் எரிந்தால், ஸ்பீக்கர் வயர்களையும், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர்களையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு இந்த மூன்றை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு என்றால் கோளாறு ஆம்ப்புக்குள். சிவப்பு போய்விட்டால் கோளாறு வெளியே, ஒவ்வொரு வயராகத் திருப்பி மாட்டினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். இதற்கு மீட்டர்கூட வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். என் ஆம்ப் உயிரோடு சிவப்பு காட்டிக்கொண்டிருந்த நாட்களில் யாராவது இதைச் செய்திருந்தால், அங்கேயே கதை முடிந்திருக்கும். பிறகு வந்த எல்லாச் செலவும் தண்டம்.

எனக்கு ஆம்ப் செத்துவிட்டதால் வயர்களை மீட்டரில் பார்த்தேன். ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றி இரு முனைக்கும் நடுவே ஓம் (மின்தடை) பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரிதான். எதுவும் காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. ஏறக்குறைய பூஜ்யம் என்றால் ஷார்ட். சப்வூஃபரையும் கட்டாயம் பாருங்கள். பிரிட்ஜ் செய்த நாலு சேனல் ஆம்ப்புகள் பொதுவாக 4 ஓமுக்குக் கீழே தாங்காது. இரட்டைச் சுருள் வூஃபரைப் பேரலலாக இணைத்து 2 ஓம் ஆக்கி மாட்டியிருந்தால், உள்ளே ஒவ்வொரு சேனலும் 1 ஓமைச் சுமக்கிறது என்று அர்த்தம். என்னுடையது 3.5 காட்டியது, நல்லவேளை. அடுத்து, இரு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மீட்டரை வைத்து, ஒரு முனையை ஸ்பீக்கர் வயரிலும் மறுமுனையை சீட் ரெயிலில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் பிடியுங்கள். ஸ்பீக்கர் வயரின் எந்த முனையும் காரின் பாடியைத் தொடவே கூடாது. வலது கதவு அமைதியாக இருந்தது. இடது கதவும் அமைதிதான். அப்போதுதான் காட்பாடி ஸ்டேஷன் ஞாபகம் வந்து, தம்பியைக் கூப்பிட்டு இடது கதவைத் திறந்து திறந்து மூடச் சொன்னேன். "எதுக்குண்ணா இது" என்று கேட்டுக்கொண்டே ஆட்டினான். பாதி திறந்த நிலையில் மீட்டர் பீப் அடித்தது. இன்னும் கொஞ்சம் ஆட்டினால் நின்றது. மறுபடி பீப். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

கதவுக்கும் தூணுக்கும் நடுவே கம்பெனி வயர்கள் போக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஸ்பீக்கர் வயரை அதன் வழியாகவே நுழைத்துக் கொண்டுவர வேண்டும். கஷ்டமான வேலை என்று, யார் போட்டாரோ, குழாய்க்கு வெளியே கீல் பக்கமாக வயரை விட்டிருந்தார். ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் கீல் அதைக் கடித்துக் கடித்து, மேல்தோல் போய், செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. சில ரூபாய் வயர். புதுசாக ஸ்பீக்கர் போட்டுக்கொள்கிறவர்கள் கடையை விட்டுக் கிளம்பும் முன் இந்த ஓர் இடத்தை மட்டும் கையால் தடவிப் பாருங்கள்.

கதவு கிடைத்த திருப்தியில் அதோடு நிறுத்தியிருந்தால் ஆம்ப் மூன்றாவது முறையும் செத்திருக்கும். வால்யூம் ஏற்றினால் நிற்கிற கோளாறுக்குக் கதவு வயர் பதில் சொல்லவில்லையே. அதற்கு நான் செய்த சோதனை கொஞ்சம் நாட்டு வைத்தியம்தான், ஆனால் சத்தியமாக வேலை செய்தது. சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தால் ஆம்ப் முனையில் 12.5 அழகாகக் காட்டுகிறது. ஆனால் மின்சாரம் ஓடாதபோது துருப்பிடித்த வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டும், சுமை ஏற்றினால்தான் வேஷம் கலையும். அதனால் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, அதன் 55 வாட் இழையை ஆம்ப்புக்கு வரும் பிளஸ், எர்த் வயர்களில் மாட்டினேன். ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரியும்போது பேட்டரியில் 12.4, சீட்டுக்கு அடியில் 11.7. நடுவழியில் 0.7 வோல்ட் காணாமல் போகிறது. 5 ஆம்பியருக்கே இவ்வளவு என்றால், பாட்டு அடிக்கும்போது ஆம்ப் 20 ஆம்பியர் கேட்டால் அதே கணக்கில் 2.8 வோல்ட் போய்விடும். பேட்டரியின் 12.4-இல் அதைக் கழித்தால் ஆம்ப்புக்குக் கிடைப்பது பத்துக்கும் கீழே. குழாயைப் பாதி அடைத்துவிட்டு மோட்டாரைக் குறை சொன்ன மாதிரிதான் இத்தனை நாள் நடந்திருக்கிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், நீள வயர் ஒன்றைச் சேர்த்து மறுமுனையை ஆம்ப்பின் எர்த் வயரிலும் வைத்தேன். 0.5 காட்டியது. மீதி 0.2 பிளஸ் பக்கம். எர்த் வயரை சீட் போல்ட் ஒன்றில், பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே முறுக்கிவிட்டிருந்தார்கள். தரைவிரிப்புக்கு அடியில் மழைத் தண்ணீர் இறங்கி, வயர் முனையில் மாட்டும் லக்கும் வாஷரும் துருவாகக் கிடந்தன. பிளஸ் பக்கம் இன்னொரு வேடிக்கை. வயரின் மேல் 4 கேஜ் என்று அதன் தடிமனைப் பெரிதாக அச்சடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் தடிமனில் பாதி பிளாஸ்டிக், உள்ளே இருந்த இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளை. அதாவது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூச்சு. அதே தடிமன் செம்பில் ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் அதில் மின்சாரம் ஓடும். பெட்டியில் போட்டு விற்கிற மலிவு வயரிங் கிட்டுகள் நிறைய இந்த ரகம்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு மொத்தக் கதையும் விளங்கியது. ஆம்ப்புக்குள் 12 வோல்ட்டை மேலே ஏற்றிக்கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகள் முழுசாகத் திறந்து மூடினால் அவ்வளவாகச் சூடாகாது. வோல்ட் குறைந்தால் அவற்றைத் திறக்கும் காலான கேட்டுக்குப் போகும் அழுத்தமும் குறைகிறது, அரைகுறையாகத் திறக்கிறது, அந்த அரைகுறையில்தான் வெந்து சாகிறது. இரண்டாவது கடை மாற்றிப் போட்டதும் அதே துரு போல்ட்டில் அதே வயரில் ஓடித்தான் செத்தது. எதைப் போட்டிருந்தாலும் செத்திருக்கும், 9,500 ரூபாய் புது ஆம்ப் உட்பட.

வயரிங்கை மாற்றினேன். ஹார்டுவேர் கடையில் செம்பு வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும், 25 சதுர மில்லிமீட்டர் எடுத்தால் 4 கேஜுக்கு மேலேயே இருக்கும். அலுமினிய வெல்டிங் கேபிளும் விற்கிறார்கள், சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். எர்த்துக்கு ஆம்ப்பிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஓர் இடம் பார்த்து, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, லக்கைத் தனி போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். புதுசாக ஓட்டை போடுவதானால் அடியில் பெட்ரோல் டேங்கோ குழாயோ இல்லை என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எல்லாம் முடிந்து அதே பல்பைப் போட்டுப் பார்த்தால் மொத்த இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே.

அப்புறம்தான் ஆம்ப்பைத் திறந்தேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும், மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவற்றின் முனைகளில் சற்று நேரம் பிடித்து வடித்துவிட்டுக் கை வையுங்கள். பிளஸ், எர்த் ஸ்க்ரூவுக்கு நடுவே ஓம் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, மாஸ்ஃபெட் ஷார்ட் என்பதற்கான அடையாளம். அதே இடத்தில், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் காப்பாற்றுவதற்காக ஒரு டையோடு இருக்கும். சில நேரம் அது மட்டும் ஷார்ட் ஆகியிருக்கும், ஐந்து பத்து ரூபாயில் முடிகிற வேலை. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் போர்டில் ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் நான்கு இருந்தன, பக்கத்துக்கு இரண்டு. பலகையில் இருக்கும்போது அளந்தால், இணையாக நிற்பதால் ஒன்று ஷார்ட் ஆனாலும் பக்கத்தில் இருப்பதும் ஷார்ட் போலத்தான் காட்டும். ஈயத்தை உருக்கி நான்கையும் வெளியே எடுத்துத் தனித்தனியாகப் பார்த்தேன். நல்லதாக இருந்தால் டையோடு நிலையில் நடுக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் ஒரு பக்கம் 0.5 போலவும் திருப்பினால் ஒன்றும் இல்லாமலும் இருக்கும், முதல் காலிலிருந்து எதற்கும் ஒன்றும் காட்டாது. இரண்டு செத்திருந்தன. சுவாரசியம் என்னவென்றால் நான்கில் இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. கடைக்காரர் செத்ததை மட்டும் மாற்றிவிட்டு, ஏற்கெனவே வெந்து போன பழையவற்றை அப்படியே விட்டிருக்கிறார். போதாக்குறைக்கு ஒரு கேட் ரெசிஸ்டர் கருகி அறுந்திருந்தது. அதையும் பார்க்கவில்லை. 2,200 ரூபாய்!

மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே லாட்டாகப் பார்த்து. கேட் ரெசிஸ்டர்களையும் சேர்த்து மாற்றுங்கள், அதன் விலை கேட்டால் சிரிப்பீர்கள். பார்ட்ஸுக்கு ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெரு போனேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும். அங்கே போலியும் தாராளம். இந்த மாஸ்ஃபெட் 55 வோல்ட், 49 ஆம்பியர் தாங்கக்கூடியது. அதே பெயரை அச்சடித்த மலிவுச் சரக்கு அதில் பாதி தாங்கினால் பெரிது. விலையில் பெரிய வித்தியாசம் சொன்னால் சந்தேகப்படுங்கள், எழுத்தை தின்னர் நனைத்த பஞ்சால் துடைத்தால் அழிந்து வருவதையும் வாங்காதீர்கள்.

புதுசைப் போடுவதற்கு முன் இன்னொரு பக்கமும் பார்த்துவிட வேண்டும். ஸ்பீக்கருக்குத் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர் எதுவும் ஷார்ட் ஆகியிருந்தால், நீங்கள் எத்தனை மாஸ்ஃபெட் போட்டாலும் அது சாப்பிட்டுவிடும். என்னுடையதில் அவை தப்பியிருந்தன. மாஸ்ஃபெட் இல்லாமலேயே பலகைக்கு மின்சாரம் கொடுத்து, மாஸ்ஃபெட்டுகளை இயக்கும் டிஎல்494 ஐசியின் 14ஆவது காலில் 5 வோல்ட் வருகிறதா, இரு பக்க கேட் இடங்களிலும் மீட்டர் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு நான்கையும் பற்றவைத்தேன். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். அதே ஹெட்லைட் பல்பைப் பிளஸ் வயரில் தொடராக வையுங்கள். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், உங்கள் புது மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் ஒரு மின்னல் மின்னிவிட்டு அணைந்தாற்போல மங்கிவிடும். என்னுடையது மின்னி மங்கியது, பச்சை லைட் எரிந்தது. ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பார்த்தேன், சில மில்லிவோல்ட்தான். இங்கே வோல்ட் கணக்கில் ஏதாவது காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள், சுருள் வெந்துவிடும். மாஸ்ஃபெட்டுகளை அலுமினிய உடம்போடு இறுக்குவதற்கு முன் பாட்டுப் போட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். இறுக்கும்போது அடியில் இருக்கும், மின்சாரம் கடக்காத மைக்கா தகடு கிழியாமல் இருக்கிறதா, முதுகுத் தகட்டுக்கும் உடம்புக்கும் பீப் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வரக்கூடாது.

காரில் மாட்டியதும் பாட்டு வந்தது, கூடவே ஒரு விசில் சத்தமும் வந்தது. ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு செய்தும் இதுவா என்று. தேடியதில் இதுவும் அந்தத் துரு போல்ட்டின் கைங்கரியம்தான். எர்த் சரியில்லாத நாட்களில் ஆம்ப்பின் மின்சாரம் வேறு வழி தேடி, ஆர்சிஏ வயரின் மேலுறை வழியாக செட்டுக்குள் போய் அங்கே இருந்த மெல்லிய எர்த் இழையை எரித்துவிட்டிருக்கிறது. செட்டைக் கழற்றி, ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் செட்டின் இரும்பு உடம்புக்கும் ஓம் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், எனக்கு ஒன்றுமே காட்டவில்லை. சின்ன வயர் ஒன்றால் இரண்டையும் இணைத்தேன், விசில் போயே போச்சு. ஆர்சிஏ வயரும் தடித்த பிளஸ் வயரும் ஒரே பக்கமாக ஓடினாலும் இதே மாதிரி இரைச்சல் வரும், அதனால் ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் கொண்டுவருவது நல்லது.

கெயின் திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை. அது வால்யூம் இல்லை, செட்டிலிருந்து வரும் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கு. ஸ்பீக்கரைக் கழற்றி, ஃபில்டரை ஆஃப் செய்து, செட்டை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று வரும். சேனலுக்கு 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட். முன்பு வைத்திருந்தவர் முழுக்கத் திருகிவிட்டிருந்தார்.

கணக்குப் பார்த்தால், கடைகளுக்கும் ஃபியூஸுக்கும் அலைச்சலுக்கும் போனது ஆறாயிரம் பக்கம். நானே சரி செய்ததற்கு மீட்டர், சால்டரிங் அயர்ன், மாஸ்ஃபெட், செம்பு கேபிள், ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்தும் மூவாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது, அதில் மீட்டரும் அயர்னும் கையில் இருக்கின்றன. எல்லா ஆம்ப்பையும் வீட்டில் திறக்கச் சொல்லவில்லை. இப்போது வரும் சின்ன டி கிளாஸ் ஆம்ப்புகளில் கடுகளவு பார்ட்ஸை ஒட்டவைத்திருக்கிறார்கள், சூடு காற்று அடிக்கும் கருவி இல்லாமல் அதைத் தொட்டால் பலகையே போய்விடும், அதைக் கடையில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பார்ட் போயிருக்கிறது, அதோடு சேர்ந்த மற்றவற்றையும் மாற்றுவீர்களா, காரில் சுமை வைத்து வோல்ட் அளந்து பார்ப்பீர்களா. மாற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் குப்பைல போட்டாச்சு சார்" என்று சொல்கிற கடையாக இருந்தால் ஆம்ப்பைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிடுங்கள்.